ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவர்களின் வீட்டாருக்கு

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வாரக்கணக்கில் சிறையில் கிடக்கும் ஏழைகள் இருக்கிறார்கள். முக்கியக் காரணம், உத்தரவில் கேட்ட இரண்டு நபர் ஜாமீன். அதாவது, கைதானவருக்காகப் பொறுப்பேற்று இரண்டு பேர் ஜாமீன்தாரர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும் என்பார்கள். பல்லடத்தில் தறி ஓட்டுபவரும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவரும் குடியிருப்பது வாடகை லைன் வீட்டில். ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. சொத்து மதிப்புச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போனால் ஆர்.ஐ.யைப் (வருவாய் ஆய்வாளர்) பார்க்கச் சொல்வார். அங்கே போனால் தாசில்தார் முகாமுக்குப் போயிருப்பார். இப்படி அலைந்து களைத்தவர்களைத்தான் காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருபவர்கள் வளைக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். காட்டிய ரசீது போலி என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் வரும்.

"வெளியூர் ஜாமீன் செல்லாது" என்று திருப்பி அனுப்பினால் நம்பிவிட வேண்டாம். 1978இல் ஒரு கொத்தனாரின் வழக்கில், அவருக்கு ஜாமீன் நின்ற உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்ததை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இப்படித் தாமதமாகும் வழக்குகளில் உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம் என்று 2023 ஜனவரியில் அறிவுறுத்தியது. ஒரு மாதத்தில் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். தானாக நடக்கும் என்று காத்திருக்காமல் வக்கீலிடம் மனுப் போடச் சொல்லுங்கள்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் (ஜாமீனை உரிமையாகவே கேட்கக்கூடிய சிறு குற்றம்) என்றால் இன்னும் எளிது. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றாலே அவரை ஏழை என்று கருதி, சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் உறுதியின் பேரில், விட வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 478ஆம் பிரிவு. பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

ஜாமீனுக்குக் கட்ட வேண்டிய பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023இல் வந்த விதிப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது. உத்தரவு வந்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தாரா என்று நீங்களே போய்க் கேளுங்கள். கேட்காத வீட்டின் கோப்பு அசையாது. கஞ்சா முதலான போதைப்பொருள் வழக்குக்கு இந்தப் பணம் வராது.

வக்கீலுக்கும் வழியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்று வாங்கி வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்காக ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள். எந்த மனுவையும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.