ஃபைல்: கோப்பு எது, அரம் எது?

நகம் தேய்க்கும் கருவி ஒன்றின் விளக்கத்தாளில் ‘நகக் கோப்பு’ என்று இருந்தது. இப்படிப் பார்ப்பது எனக்கு மூன்றாவது முறை. நகங்களைச் சேகரித்து அடுக்கி வைக்கச் சொல்கிறார்களோ!

ஃபைல் என்பது எழுத்தில் ஒன்றாகிப்போன வெவ்வேறு சொற்கள். தேய்க்கிற ஃபைல் பழைய ஆங்கிலச் சொல். தமிழில் அது அரம். ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்று 888ஆம் குறளிலேயே இருக்கிறது. அலுவலக ஃபைலின் மூலம் நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல். தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்ததால் வந்த பெயர். நம் கோப்பும் ‘கோ’ என்ற வினையில் பிறந்ததுதான்: பூவைக் கோ, ஊசியில் நூலைக் கோ. (‘கோர்’ என்று எழுதாதீர்கள்.) இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல் எப்போதாவதுதான் அமையும்.

அதைப் போய் வேண்டாம் என்கிறார்கள் சிலர். கோப்பு ஐ-உருபு ஏற்றால் ‘கோப்பை’ ஆகிவிடுமாம். ‘கோப்பைத் திற’ என்றால் தேநீர்க் கோப்பை நினைவுக்கு வருமாம். ஆகவே ‘ஆவணம்’ என்றே சொல்லலாமாம். கணினித் திரையில் ‘கோப்பைத் திற’ என்று பார்த்துவிட்டுத் தேநீர் தேடியவர் யார்? அவ்வளவு உறுத்தினால் ‘கோப்பினை’ என்று எழுதுங்கள், தீர்ந்தது. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த கோப்பைக்காக நம் கோப்பைக் கைவிட வேண்டுமா? அப்புறம், ஆவணம் என்பது பத்திரம், பதிவு. கோப்புக்குள் இருப்பது ஆவணம். பல ஆவணங்களைக் கோத்தால் கோப்பு. கணினியில் பாட்டும் ஒரு கோப்பு, விளையாட்டும் ஒரு கோப்பு. பாட்டை ஆவணம் என்பீர்களா? எல்லாவற்றையும் ஆவணம் என்றால் உண்மையான ஆவணத்தை என்னவென்று சொல்வது?

சரி, கோப்பு நல்ல சொல் என்பதற்காக எல்லா இடத்திலும் அதை ஒட்டுவதும் தவறு. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள். ‘வழக்கைக் கோப்பு செய்தார்’ என்று ஒருவர் எழுதுகிறார். நீதிமன்றத்தில் நடமாடுகிற யாரும் ‘தாக்கல் செய்தார்’ என்றுதான் சொல்வார். ஃபைலுக்கு உள்ள வரிசை என்ற பொருளும் அதே இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அதற்காக ‘வீரர்கள் ஒற்றைக் கோப்பில் நடந்தனர்’ என்றா எழுதுவது? ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள், அவ்வளவுதான். நகத்துக்கு நக அரம்.