மூக்கு வழியாகத் தலைக்கட்டி ஆபரேஷன்: முதல்வர் காப்பீட்டில் செய்துகொள்வது எப்படி?

என் அத்தைக்கு முதலில் மோதிரம் இறுகியது. பிறகு செருப்பு பத்தவில்லை. பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மண்டையோட்டின் அடித்தளத்தில், உடல் வளர்ச்சி உள்ளிட்டவற்றுக்கான ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. இந்தச் சுரப்பியில் வருபவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் பார்வை போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது இதற்குப் பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை (கேமரா உள்ள மெல்லிய குழாய்) மூக்குக்குள் விட்டு, பின்னால் இருக்கும் காற்றறை வழியாகப் போய், கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறார்கள்.

சரி, செலவு? தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திருமணமாகி வந்த மருமகள் பெயர் சேர்க்காமலே கிடக்கும், அலைச்சல் அங்கேதான் தொடங்கும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். இது கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில் கொடுத்து வாங்கும் திட்டம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேனும் டாக்டர் குறிப்பும் போய், காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். அதனால் அட்மிஷன் போடும்போதே அட்டையைக் காட்டுங்கள். திட்டத்தில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் எல்லாத் துறைக்கும் அங்கீகாரம் இருக்காது. நரம்பியல் அறுவைக்கு அங்கீகாரம் உண்டா, மூக்கு வழி ஆபரேஷன் செய்கிறார்களா என்று இரண்டையும் கேளுங்கள். விவரத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. அனுமதி வந்த பிறகும் தனியாகப் பணம் கேட்டால் இதே எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மூக்கைச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அதைச் சளி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.