எல்லா மாணவரிடமும் பதில் வாங்குவது எப்படி?

வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டாலே கற்பித்தல் மாறிவிடாது. கரும்பலகையில் எழுதியதையே திரையில் ஓடவிட்டால், முன்பெஞ்சில் நான்கு பேர் பதில் சொல்ல மற்றவர்கள் தலையாட்டும் பழக்கம் அப்படியேதான் இருக்கும். பாடம் நடக்கும்போதே ஒவ்வொருவருக்கும் என்ன புரிந்திருக்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும் கருவிதான் எங்களைப் பொறுத்தவரை வாங்கத் தகுந்தது.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இதற்குப் பொருத்தமானது. சிறிது நேரம் பாடம், பிறகு விடைத் தெரிவுகளோடு ஒரே ஒரு கேள்வி. ஓரிரு நிமிடம் பேசாமல் யோசித்து, ஒவ்வொருவரும் விடையைப் பதிவு செய்ய வேண்டும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதியை வேறு விதமாக மறுபடி நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் நின்றால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு விவாதிக்கவிட்டு, மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். முதல் பதிவின் வரைபடத்தை உடனே திரையில் காட்டிவிடுகிறார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு யாரும் வாதாட மாட்டார்கள். அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இரண்டாம் பதிவு முடியும்வரை வரைபடத்தை மறைத்தே வையுங்கள்.

தவறான விடைகளை யோசித்து எழுதுவதுதான் கடினமான வேலை. 'நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் மீதான விசை எந்தத் திசையில்?' என்று கேளுங்கள். வேகம் சுழியம் என்பதால் விசையும் சுழியம் என்று பலர் நினைப்பார்கள். கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை அப்போதும் மாறாமல் இருக்கிறது. 'சுழியம்' என்ற விடையைத் தெரிவுகளில் வைக்காவிட்டால் அந்தக் குழப்பம் வெளியே வராது.

மாணவர்களிடம் போன் இல்லையா? பிளிக்கர்ஸ் (Plickers) அட்டைகள் போதும். கறுப்புக் கட்டங்களால் ஆன குறியீடும் அதன் நான்கு பக்கமும் A, B, C, D எழுத்துகளும் அச்சிட்ட அட்டைகள் இவை. தாங்கள் தேர்ந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியரின் போனில் உள்ள பிளிக்கர்ஸ் செயலி கேமரா வழியே படித்துக்கொள்ளும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலோ, பளபளக்கும் லேமினேஷனில் விளக்கொளி பட்டாலோ படிக்காது; தடித்த, பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். யார் எந்த விடை சொன்னார் என்பதைப் பெயரோடு திரையில் காட்டவே வேண்டாம். தவறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படும் பிள்ளை பக்கத்து அட்டையைப் பார்த்துத்தான் தன் அட்டையைத் திருப்பும்.