புள்ளியைத் தின்னும் ஸ்லைஸ்

ராமநாதபுரம் கடற்கரையில் கருவாட்டுக் கடைக்காரர், விடுதிக்காரர் என்று யார் வலைத்தளம் கேட்டு வந்தாலும் தமிழில் வேண்டும் என்கிறார்கள். திரையில் தமிழ் எழுத்துத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம் ஆட்களும் இருந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரிங்கில், அதாவது நிரலுக்குள் இருக்கும் எழுத்துத் தொடரில், கை வைக்கும்போதுதான் வம்பு.

'மண்டபம்' நமக்கு ஐந்து எழுத்து. வலைத்தள நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் லெங்த், அதாவது நீளம், கேட்டால் 7 என்னும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு, அதையும் எண்ணிவிடும். மொபைலில் இடம் போதவில்லை என்று, முதல் ஆறு குறியீட்டை மட்டும் வெட்டியெடுக்க ஸ்லைஸ்(0, 6) போட்டால் 'மண்டபம' என்று மொட்டையாக நிற்கும். வெட்டியதை அப்படியே டேட்டாபேஸில் சேமித்தால் போன புள்ளி போனதுதான். பாதி இடங்களில் ஸ்லைஸே தேவையில்லை. திரைக்காக மட்டும் சுருக்குவதென்றால் பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸில் எலிப்சிஸ் (மிச்சத்தை மறைத்து மூன்று புள்ளி காட்டுவது) போதும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது, பழைய பதிப்பு வைத்திருப்பவர்களையும் கணக்கில் கொள்ளுங்கள். 'க்ஷ'வை மட்டும் அதுவும் இரண்டாகத்தான் பிரிக்கும்!

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'தொண்டி'யின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: த-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். மூன்று சமக்குறி (===) போட்டு ஒப்பிட்டால் பொய், அதாவது சமமில்லை, என்று வரும். கடைக்காரர் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய ஊர்ப்பெயர் ஒரு விதம், வாடிக்கையாளர் போனில் தட்டியது இன்னொரு விதம் என்றால், தொண்டிக் கருவாடு கடையில் இருந்தும் தேடலில் 'இல்லை' என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்து, ஒரே குறியாகச் சேர்த்துவைக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரி.

ஒட்டும்போது அகலமில்லாத இடைவெளிக் குறியும் கூடவே வரும். ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் அதை எடுக்காது, ரீப்ளேஸ் செய்துதான் நீக்கவேண்டும்.

பெயர்ப் பெட்டிக்கு ரெஜெக்ஸ், அதாவது எந்த எழுத்து வரலாம் என்ற விதி, எழுதுபவர்கள் யூனிகோடின் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் 'பாம்பன்' உள்ளே வராது. காலும் புள்ளியும் குறி வகையில் இருக்கின்றன, அதையும் சேர்க்கவேண்டும்.

அப்புறம் அகரவரிசை. மீன் பட்டியலை வரிசைப்படுத்த வெறும் சார்ட் போட்டால் வாளை முதலில், வாவல் பிறகு வரும். யூனிகோட் எண் வரிசையில் ள-வுக்குப் பின்தான் வ இருக்கிறது. நம் வரிசைப்படி வாவல்தான் முதலில் வரவேண்டும். சார்ட்டுக்குள் தமிழ் என்று குறிப்பிட்டு, மொழி வழக்கப்படி ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் கொடுத்தால் வரிசை நேராகிவிடும்.