புரூசிக்: ஒரு முடிச்சின் பெயரும் அதற்குத் தமிழும்

மரத்தில் கயிறு கட்டி ஏறி, காய்ந்த கிளைகளை அறுத்து இறக்குகிறவர்களின் பேச்சில் ஓயாமல் வரும் சொல் புரூசிக். சிலர் இதை ஒரு கருவி என்று நினைக்கிறார்கள், சிலர் ஒரு வகைக் கயிறு என்கிறார்கள். இரண்டும் இல்லை, இது ஒரு முடிச்சு. இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு முடிச்சுக்கு வைத்த பெயர், பிறகு அதன் உறவுக்கார முடிச்சுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. தமிழில் இதற்குச் சொல் தேடும்போது வரும் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

முடிச்சைப் பார்ப்போம். மேலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்குகிறது. அதைவிட மெல்லிய கயிற்றை இரு முனையும் சேர்த்து ஒரு வளையமாக்கிக்கொள்ள வேண்டும். வளையத்தின் ஒரு பக்கத்தைத் தடித்த கயிற்றுக்குப் பின்னால் கொண்டுபோய், மறுபக்கத்துக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு சுற்றுகள் அருகருகே படியும். நடுவில் ஒரு காது நீண்டு நிற்கும். அந்தக் காதில் எடை ஏறினால் சுற்றுகள் இறுகித் தடித்த கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். எடையை எடுத்துவிட்டால் இளகிவிடும், கையால் மேலேயும் கீழேயும் நகர்த்தலாம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு சுற்று குறுக்கே விழுந்திருந்தாலும் பிடிப்பு நம்பும்படி இருக்காது, அதனால் எடை போடுவதற்கு முன் விரலால் நீவிச் சரிசெய்துகொள்வார்கள்.

பெயர் வந்தது ஓர் ஆளிடமிருந்து. கார்ல் புரூசிக், ஆஸ்திரிய மலையேறி, 1896 முதல் 1961 வரை வாழ்ந்தவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏற உதவும் முடிச்சாக 1931-இல் இதை மலையேறிகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் இசைக்கருவிகளின் அறுந்த தந்திகளைச் சேர்க்க இதே முடிச்சைப் போட்டார் என்றும் சொல்வார்கள். மலையில் இதன் வேலை எளிது: பனிப்பிளவுக்குள் விழுந்தவர் இரண்டு வளையங்களைக் கயிற்றில் போடுவார், ஒன்று இடுப்புக்கு, மற்றொன்று காலுக்கு. ஒன்றில் எடையை வைத்துக்கொண்டு மற்றதை மேலே நகர்த்தி, மாற்றி மாற்றி ஏறி வெளியே வந்துவிடலாம்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் பலர் நடுவில் இரட்டை ‘எஸ்’ போட்டு எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிரஷ்யா நாட்டோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. தொடர்பே கிடையாது. ஆள் பெயராக இருந்தது அங்கே நாளடைவில் வினைச்சொல்லாகவும் மாறிவிட்டது, ‘புரூசிக் செய்து ஏறினான்’ என்கிற மாதிரி. தமிழில் எழுதும்போது ‘ப்ரூசிக்’ என்று மெய்யெழுத்தில் தொடங்குவதைவிட ‘புரூசிக்’ என்பதே நம் எழுத்து மரபுக்குப் பொருந்தும். எப்படியும் நம் வாய் அந்த இடத்தில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளத்தான் போகிறது.

மரத்துக்கு வந்தபோது நிலைமை மாறியது. மரவேலையில் கயிறு பொதுவாக ஒரு கவட்டின் மேலே போய்த் திரும்பி வரும். பட்டை தேயாமலும் கயிறு எளிதாக ஓடவும் அந்த இடத்தில் ஒரு வார்வளையத்தை, அதாவது வளையம் கோத்த வாரை, மாட்டுவார்கள். கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் இடுப்புச் சேணத்தில், அதாவது ஆளைத் தாங்கும் வார்க்கச்சையில், இருக்கும். மறுபக்கம் இறங்கும் கயிற்றில்தான் முடிச்சு, அதுவும் அதே சேணத்தில்தான் மாட்டியிருக்கும். கயிறு இரண்டாக மடிந்து தொங்குவதால் ஏறக்குறைய பாதி எடைதான் முடிச்சில் விழும். ஆனால் மலையில் போல ஒருமுறை ஏறி முடிப்பது அல்ல இந்த வேலை. கிளை நுனிவரை போக வேண்டும், திரும்ப வேண்டும், ஒரு முழம் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். உடல் எடை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முடிச்சை இளக்கத் தெரிந்தாக வேண்டும். அசல் புரூசிக் இதற்கு ஒத்துவராது. எடை ஏறிவிட்டால் அது கல் மாதிரி இறுகிவிடும்.

அதனால் வேறு முடிச்சுகள் வந்தன. பிளேக் முடிச்சு தனி வளையம் இல்லாமல் கயிற்றின் நீட்டு முனையாலேயே போடக்கூடியது. 1994-இல் ஜேசன் பிளேக் என்பவர் மரத்தொழில் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதம் வழியாகப் பரவியதால் அந்தப் பெயர். ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் புரோகாஸ்கா அதற்கு முன்பே இதைக் காட்டியிருந்தார் என்பது வேறு கதை. இன்னொன்று வால்தோத்தேன் முடிச்சு. அந்தப் பெயர், இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அந்த முடிச்சில் மெல்லிய கயிற்றின் இரு முனைகளும் பின்னலாகக் கீழிறங்கி வரும். மேலே சுற்று, கீழே பின்னல் என்பதால் மேற்சுற்றைக் கையால் அழுத்தினால் எடையோடேயே மெல்ல இளகும். இவை எதுவும் புரூசிக் அல்ல. ஆனாலும் தொழிலில் பலர் எல்லாவற்றையும் புரூசிக் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், அந்த மெல்லிய கயிற்றையும் சேர்த்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். 1931-இன் அந்த ஒரு முடிச்சு புரூசிக் முடிச்சாகவே இருக்கட்டும். தமிழ் தேவைப்படுவது குடும்பப் பெயருக்கு, அதாவது ஆங்கிலத்தில் ஃபிரிக்‌ஷன் ஹிட்ச் என்று சொல்வதற்கு.

சொல்லுக்குச் சொல் என்று போனால் ‘உராய்வு முடிச்சு’ கிடைக்கும். தவறில்லை, ஆனால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. தவிர, உராய்வு இல்லாமல் நிற்கும் முடிச்சு என்று எதுவுமே இல்லை. செருப்பு நாடாவில் போடும் முடிச்சும் உராய்வால்தான் நிற்கிறது. ‘சுருக்கு’ என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது, உருவாஞ்சுருக்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சுருக்கில் கயிறு தன் கண்ணிக்குள் ஓடி, உள்ளே இருப்பதை நெரிக்கும். நெரித்தது தானாக விடாது. இங்கே தேவை நேர்மாறானது, பிடிப்பதைப் போலவே விடுவதும் இதன் வேலை. ‘தளை’ நல்ல சொல்தான், ஆனால் கட்டிப்போடுவதைக் குறிக்கும், நகர்வதைக் குறிக்காது.

ஹிட்ச் என்பதற்கு ‘கட்டு’ போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கயிறு இன்னொரு பொருளைப் பிடிக்கும்போது நாம் கட்டுகிறோம், மாட்டைக் கட்டுகிற மாதிரி. கயிறு தன்னையே பிடிக்கும்போது முடிச்சுப் போடுகிறோம். அந்த வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது. ஆனால் ‘கட்டு’ காயக்கட்டு, புத்தகக்கட்டு என்று வேறு பக்கம் இழுக்கும். மரத்தடியில் நிற்பவர் எப்படியும் ‘முடிச்சு’ என்றுதான் சொல்லப்போகிறார்.

என் தேர்வு கவ்வுமுடிச்சு. கவ்வுதல் என்றால் பிடித்து வைத்திருத்தல், வேண்டும்போது விடுதல் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘முடிச்சு கவ்வவில்லை’, ‘கவ்வட்டும், அப்புறம் காலை எடு’ என்று வேலை நடுவே சொல்லவும் வாய்க்கு வரும். மெல்லிய கயிறு கவ்வுகயிறு. பொதுவாக ஏறுகயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கவ்வுகயிறு 8 முதல் 10 வரை இருக்கும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் சரியாகக் கவ்வாது. ரொம்ப மெல்லியதாக இருந்தால் இறுகிப்போய் விடாது.

கவ்வுகயிறு எதனால் ஆனது என்பதும் முக்கியம், ஏனென்றால் வேகமாக இறங்கினால் உராயும் இடம் சூடாகும். நைலான் ஏறத்தாழ 220 டிகிரியில் உருகும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டி. அராமிட் என்ற செயற்கை இழை உருகாது, 500 டிகிரியை ஒட்டித்தான் கருகத் தொடங்கும். அதனால் கவ்வுகயிற்றின் மேலுறையை அராமிட்டில் பின்னுகிறார்கள். சூட்டில் மினுமினுப்பாகி விறைத்துப்போன கவ்வுகயிற்றைப் பார்த்தால் பேசாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கவ்வுமுடிச்சு என்ற சொல் ஓர் ஆபத்தையும் நினைவுபடுத்தும். வழுக்கி விழும்போது கை தானாக எட்டி முடிச்சைப் பிடிக்கும். அதுதான் செய்யக்கூடாதது. மேற்சுற்றைப் பிடித்தால் முடிச்சு இளகி, ஆளோடு சேர்ந்து கீழே ஓடும். கையை எடுத்தால்தான் அது கவ்வும். பழக்கம் இல்லாமல் அந்த நேரத்தில் கையை எடுப்பது லேசில்லை.

முடிச்சுக்குப் பதில் இப்போது இயந்திரமும் வந்திருக்கிறது. ஏறுவதற்கான கருவிகளைச் செய்யும் பெட்சல் நிறுவனத்தின் ஸிக்ஸாக், உலோகக் கண்ணிகள் சங்கிலியாகச் சேர்ந்து கயிற்றை வளைத்துப் பிடிக்கும் கருவி. அந்த நிறுவனமே இதை இயந்திர புரூசிக் என்றுதான் சொல்கிறது. முடிச்சைக் கவ்வுமுடிச்சு என்று வைத்துக்கொண்டால் இதைக் கயிற்றுக்கவ்வி என்று சொல்லிவிடலாம். மேலே மட்டும் நகர்ந்து, கீழே இழுத்தால் பல்லால் பிடித்துக்கொள்ளும் அசெண்டர் என்ற கருவிக்கு ஏறுகவ்வி என்ற பெயர் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது வேண்டாம். ஏறுகவ்வியில் எடையோடு இறங்க முடியாது என்பது கீழே நிற்கும் உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கருவியை மேலே அனுப்பி வைப்பவர் அவர்தானே.