ஸ்கேன் சரியாக இருக்கிறது, தலைசுற்றல் நிற்கவில்லை: கண்களைப் பார்த்தார்களா?

“நேற்றிலிருந்து ஓயாமல் தலை சுற்றுகிறது டாக்டர், வாந்தியும் நிற்கவில்லை. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்.” இதைக் கேட்டு என்னால் நிம்மதி அடைய முடிவதில்லை. சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தை, ஆரம்ப மணிநேரங்களில் சி.டி. பெரும்பாலும் காட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. கூட முதல் 48 மணி நேரத்தில் சிலரிடம் ஏமாற்றிவிடும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் வேறு. அது பெரும்பாலும் உள்காதில் கால்சியத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. அதற்கான சோதனையும் வேறு. இங்கே நான் சொல்வது மணிக்கணக்கில் விடாமல் சுற்றுபவர்களைப் பற்றி, பரிசோதிக்கும்போதும் விழிகள் தாமாக ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. இவர்களிடம் காதின் சமநிலை நரம்பில் அழற்சியா, மூளையில் பக்கவாதமா என்பதுதான் கேள்வி.

என் மூக்கையே பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைப் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கமாகச் சிறிதளவு திருப்புவேன். 1988-இல் ஹால்மாகியும் கர்தாய்ஸும் விவரித்த சோதனை இது. சமநிலை நரம்பு பழுதாகியிருந்தால், அந்தப் பக்கம் திருப்பும்போது விழிகள் தலையோடு சேர்ந்து நகர்ந்துபோய், மறுகணம் துள்ளி என் மூக்குக்குத் திரும்பும். இளம் மருத்துவர்கள் தடுமாறும் இடம் இதுதான். துள்ளல் இருந்தால் கோளாறு அநேகமாகக் காதில். துள்ளலே இல்லை, எல்லாம் ‘நார்மல்’ என்றால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டும்! நல்ல முடிவு என்று எண்ணி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது.

அடுத்து விழியின் ஆட்டம். விழி ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வேகமாக வெட்டித் திரும்பும். காது நோயில், எந்தப் பக்கம் பார்த்தாலும் இந்த வேகமான வெட்டு ஒரே திசையில்தான் இருக்கும். வலப்பக்கம் பார்த்தால் வலமாகவும் இடப்பக்கம் பார்த்தால் இடமாகவும் வெட்டினால், அது மூளையின் அறிகுறி. கடைசியாக, நோயாளியின் கண்களை ஒவ்வொன்றாக என் கையால் மாற்றி மாற்றி மறைத்து எடுக்கும்போது விழி மேலாகவோ கீழாகவோ நகர்ந்து நிலைகொண்டால், அதுவும் மூளையின் அறிகுறியே.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாத ஆபத்துள்ள 101 பேரிடம் இந்த மூன்றும் செய்யப்பட்டன; மூளைக் கோளாறு ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் சோதித்தவர்கள் நன்கு பழகியவர்கள். பழகாத கைகளில் இவ்வளவு நம்பகம் கிடைக்காது. விழியாட்டம் இல்லாத, சுற்றல் நின்றுவிட்ட ஒருவரிடம் இவற்றைச் செய்வது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். கூடவே ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால், துள்ளல் தெரிந்தாலும் நான் பக்கவாதத்தை ஒதுக்குவதில்லை; உள்காதுக்கு ரத்தம் தரும் குழாயே அடைத்திருக்கலாம்.

தலையை வெட்டித் திருப்பும் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்கவே கூடாது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, பிடிமானமின்றி உட்காரக்கூட முடியாத தள்ளாட்டம் இவற்றில் எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். சுற்றல் விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.