பூச்சிக்கொல்லி எச்சம்

தெளித்த மருந்து முழுவதும் வெயிலிலும் மழையிலும் போய்விடாது. அறுவடைக்குப் பிறகும் பழத்தில் தங்குவதை ஆங்கிலத்தில் பெஸ்டிசைடு ரெசிட்யூ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பின்தங்கி உட்காருவதைக் குறிக்கும் லத்தீன் வினை 'ரெசிட்யூ'வின் வேர். தமிழில் 'எஞ்சு' என்ற வினையடியாக எச்சம். பள்ளியில் படித்த பெயரெச்சம், குறளின் 'எச்சத்தாற் காணப்படும்', காக்கை போடும் எச்சம் எல்லாம் இந்தச் சொல்தான். வேறு சொல் தேட வேண்டாம்.

தகராறு முன்பாதியில், அதாவது 'பூச்சிக்கொல்லி'யில். பெஸ்டிசைடு என்பதில் பூஞ்சை, களை, எலி ஆகியவற்றைக் கொல்பவையும் அடக்கம். 2010-இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையைச் சிக்கலில் மாட்டிவிட்ட குளோர்மெகுவாட் குளோரைடு பூச்சி எதையும் கொல்வதில்லை. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது. சட்டத்தின் கண்ணில் அதுவும் பெஸ்டிசைடுதான். இலங்கைத் தமிழர் சொல்லும் 'பீடைகொல்லி' இன்னும் பொருந்துகிறது. லத்தீன் 'பெஸ்டிஸ்' கொள்ளைநோய், அழிவு என்ற பொருளுடையது, பீடையும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டிலோ பூச்சிக்கொல்லி வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் கேட்டால் எல்லாமே 'மருந்து'!

ஆய்வகத்தில் பழத்தைக் கழுவாமல் அரைப்பார்கள். வாழைப்பழம் தோலோடு போகும், நாம் எறிகிற தோல்தான் என்றாலும். அரைத்ததில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, சுழற்றித் தெளியவைத்து, பிரிந்த கரைசலை, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரைகூடத் தெரிந்துவிடும்.

கிடைத்த எண்ணை எம்.ஆர்.எல். (மேக்சிமம் ரெசிட்யூ லிமிட்) என்ற வரம்புடன் ஒப்பிடுவார்கள். இதை 'பாதுகாப்பு அளவு' என்று எழுதுவது தவறு. விதிப்படி மருந்தடித்து, காத்திருப்புக் காலம் கழித்துப் பறித்தால் அதிகபட்சம் எவ்வளவு மிஞ்சலாம் என்பதை வயல் சோதனைகளில் பார்த்து வைப்பது அது. 'எச்ச உச்ச வரம்பு' என்பதே சரி. மீறினால் தோட்டத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம்; சாப்பிட்டவருக்கு ஆபத்து என்று உடனே சொல்லிவிட முடியாது.

அதற்கு வேறு கணக்கு. விலங்குச் சோதனையில் தீங்கு தெரியாத அளவை வழக்கமாக நூறால் வகுத்து 'ஏற்கத்தக்க நாள் அளவு' வைக்கிறார்கள். ஒரு மருந்துக்கு அது உடல் எடை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். திராட்சையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் எச்சம் இருக்கிறது. 200 கிராம் தின்றால் உள்ளே போவது 0.1. அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 0.6 வரை இடமுண்டு, ஆறில் ஒரு பங்குதான் ஆயிற்று. பதினைந்து கிலோ குழந்தைக்கோ மொத்தமே 0.15, அதே கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிட்டது. மற்ற உணவில் வருவது இனிமேல்தான்.